எலுமிச்சை வெட்டிய கத்தி

இருபத்திரண்டு வெள்ளி விலை போகிற பாராங் கத்தியால் பதினான்கு வருடமாக இளநீர் வெட்டுகிறவள் நான். புக்கிட் செலம்பாவுக்குப் போகிற சாலையில், செம்பனைத் தோட்டத்து வேலியை ஒட்டி, நீலத் தார்ப்பாய் கட்டிய கடை என்னுடையது. என் பாராங் இரும்புச் சாமான் கடையில் கொத்தாகத் தொங்குகிற சரக்கு. முழங்கை நீளம், மெல்லிய இரும்பு, பிளாஸ்டிக் பிடி. வாங்கிய மூன்றாம் மாதம் பிடி ஆட ஆரம்பிக்கும். பழைய மோட்டார் டியூப்பை வார் வாராக அறுத்து இறுக்கிச் சுற்றிவிடுவேன். காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை, வெயில் தாழ்ந்த பிறகு ஒரு முறை தீட்ட வேண்டும். ஒரு வருடத்தில் பாதியாகத் தேய்ந்துபோகும். தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்குவேன். அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. கத்தி என்றால் அப்படித்தான் இருக்கும், மணிக்கட்டு என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று இருந்தேன்.

எனக்கு வாய் அதிகம். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இளநீர் குடிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் என் பேச்சைக் கேட்கத்தான் வருகிறார்கள் என்று பக்கத்து வடைக்கடை அக்கா சொல்வார். அந்தப் பேச்சுக்குத் தினமும் ஓர் ஆள் மாட்ட வேண்டும். என் வீட்டுக்காரருக்குக் கூலிம் டவுனில் பேக்டரி வேலை போய், அவர் கடைக்கு வந்து உட்கார்ந்த நாளிலிருந்து அந்த ஆள் அவர்தான்.

இருபத்தாறு வருடம் பூதக்கண்ணாடிக்குக் கீழே பொடிப் பொடிச் சாமான்களைப் பழுது பார்த்த கை அவருடையது. மூக்குக் கண்ணாடி திருகாணியை நகத்தாலேயே முடுக்குவார். ஆனால் இளநீர் வெட்ட வரவில்லை. நான் மூன்று வெட்டில் திறக்கிற காய்க்கு அவர் ஒன்பது வெட்டு வெட்டுவார். ஒன்பதாவது வெட்டில் ஓடு சிதறி, பாதித் தண்ணீர் அவர் சட்டையில் இருக்கும்.

"இளநீ குடிக்கறதுக்குங்க, குளிக்கறதுக்கு இல்ல" என்பேன். ஆட்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஒரு நாள் எல்லார் முன்னாலும் 'வெண்ணெய்வெட்டிச் சிப்பாய்' என்று பட்டம் கட்டினேன். அது ஒட்டிக்கொண்டது. "வெண்ணெய்வெட்டி அண்ணே, ரெண்டு காய் கட்டுங்க" என்று வாடிக்கையாளர்களே கூப்பிட ஆரம்பித்தார்கள். அதன் பிறகு பாராங்கை அவர் கையில் நான் கொடுக்கவில்லை. ஸ்ட்ரோ எடுத்துக் கொடுப்பது, பையில் கட்டுவது, ஐஸ் உடைப்பது அவர் வேலை.

ஆட்கள் இல்லாத நேரத்தில் கைப்பேசியில் படம் பார்ப்பார். யாரோ வெள்ளைக்காரன் காட்டுக்குள் உட்கார்ந்து கத்தியால் கட்டையைச் சீவிக்கொண்டிருப்பான். சுருள் சுருளாகச் சீவி அதிலேயே நெருப்பு மூட்டுவான். கரண்டி செதுக்குவான். அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசமாட்டான். என் வீட்டுக்காரருக்கு அது பிடித்ததில் ஆச்சரியம் இல்லை.

ஒரு நாள் மெதுவாகச் சொன்னார். பேராக்கில் ஒருவர் வீட்டிலேயே உலை வைத்துக் கத்தி அடிக்கிறாராம். ஒவ்வொன்றாக, கையால். நான்கு மாதம் காத்திருக்க வேண்டுமாம். விலை எண்ணூறு வெள்ளி. பேக்டரியில் கொடுத்த பணத்திலிருந்து எடுத்துக் கட்டிவிட்டாராம்.

நான் அப்போது ஒரு காயைத் திறந்துகொண்டிருந்தேன். நிறுத்தவில்லை. "எண்ணூறு வெள்ளிக்கு நான் முப்பத்தாறு பாராங் வாங்குவேன். செத்த பிறகும் ரெண்டு மிஞ்சும்" என்றேன்.

"அது வேற லா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கத்தி கடைக்கே வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் அவர் குழாயடிக்குப் போய்ச் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு வந்தார். எங்கள் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் கழுவிவிட்டு வந்தார், அது நினைவுக்கு வந்து எனக்கு எரிச்சலாக இருந்தது. ஐந்து விரற்கடை நீளம்கூட இல்லை என்று சொல்ல நினைத்தேன், ஆனால் ஒரு சாண் நெருங்க இருந்தது. முதுகு தடிமன். கறுப்புச் சாயல் ஓடிய இரும்பு. செம்மரப் பிடி, தோல் உறை. பிடிக்குப் பக்கத்தில் அவர் பெயரின் முதல் எழுத்தைச் சின்னதாகப் பொறித்திருந்தார்கள்.

இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினார். "எப்படி இருக்கு?"

அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. கைப்பேசியில் ஆயிரம் பேர் நல்ல கத்தி என்று எழுதியிருக்கலாம். அவருக்குத் தெரிந்தவர்களில் கத்தியால் பிழைக்கிறவள் நான் ஒருத்திதான். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருடைய உளியை எட்டு வயதிலேயே தீட்டிக் கொடுத்தவள் நான். இரும்பைப் பார்த்தால் எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்டார். நான் அதை வாங்கி, எடை பார்க்கிற மாதிரி ஒரு முறை தூக்கிவிட்டு, "நெத்திலி ஆய நல்லாருக்கும்" என்று திருப்பிக் கொடுத்தேன்.

அவர் அதைத் துடைத்து உறைக்குள் வைத்தார். ஒவ்வொரு முறை எடுத்தாலும் தேங்காய் எண்ணெய் தடவித்தான் உள்ளே வைப்பார். கார்பன் கூடின இரும்பாம், ஈரமும் புளிப்பும் பட்டால் துருப்பிடிக்குமாம். அடித்தவர் சொல்லியிருந்தார். அதை எனக்கும் இரண்டு மூன்று தடவை சொன்னார். நான் காதில் வாங்காத மாதிரி வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை நிறைய ஆட்கள். வழக்கமாக வருகிற மலாய் வாத்தியாரும் இருந்தார். பள்ளிக்கூடத்துச் சாரணர்களைக் காட்டுக்குக் கூட்டிப் போகிறவர். எல்லாரும் அவரைச் சிகு என்றுதான் கூப்பிடுவோம். என் வீட்டுக்காரரின் இடுப்பில் இருந்த கத்தி உறையைப் பார்த்து, என்ன என்று விசாரித்தார். இவரும் மலர்ந்துபோய் உருவிக் காட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சும்மா காட்டினா போதுமா? ஒரு போட்டி வெச்சிக்குவோம்" என்றேன். "நீங்க எண்ணூறு வெள்ளி, நான் இருபத்திரண்டு வெள்ளி. ஆளுக்கு ஒரு காய்."

"இது அதுக்கு இல்ல லா. இது சின்ன வேலைக்கு."

"அப்பறம் எதுக்கு? பூசையில வைக்கவா?"

எல்லாரும் சிரித்தார்கள். வடைக்கடை அக்கா வாணலியை இறக்கி வைத்துவிட்டுப் பார்க்க வந்தார். என் வீட்டுக்காரர் ஒரு காயை எடுத்தார். வேறு என்ன செய்வார்?

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இளநீர் மட்டைக்கு வேண்டியது நீளமும் வீச்சும். கையைத் தோளிலிருந்து இறக்கினால் கத்தியின் முனைதான் வேலை செய்யும். அதற்கு மெல்லிய, நீளமான, மலிவுப் பாராங்தான் சரி. ஒரு சாண் கத்தியால் மட்டையை வெட்டச் சொல்வது, ஊசியைக் கொடுத்து மண்ணைக் கொத்தச் சொல்வதற்குச் சமம். எனக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

அவர் வெட்டவில்லை, சீவினார். மேல் மட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக, தோல் உரிக்கிற மாதிரி. அவர் ஒரு காயை முடிப்பதற்குள் நான் ஏழு காய் திறந்துவிட்டேன். ஏழையும் பலகையில் வரிசையாக வைத்துவிட்டு, "அண்ணன் இன்னும் பால் குடி மறக்கல" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிகு மட்டும் சிரிக்காமல், இந்தக் கத்தி வேறு வேலைக்கு, இது நியாயமான போட்டி இல்லை என்று மலாயில் ஏதோ சொன்னார். யார் கேட்டது?

கடைசியில் அவர் காயைத் திறந்து வைத்தார். வாய் வட்டமாக, நார் ஒன்றுகூடப் பிசிறில்லாமல், ஒரு சொட்டு சிந்தாமல் இருந்தது. பதினான்கு வருடத்தில் அப்படி ஒரு காயை நான் திறந்ததில்லை. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "தங்க ஊசின்னா கண்ணுல குத்திக்க முடியுமா?" என்று சொல்லி அந்தக் காயை முதலில் கண்ணில் பட்ட ஆளிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு கத்தியைக் கடைக்குக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்குப் பின்னால், ரம்புத்தான் மரத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து எதையாவது செதுக்குவார். தேங்காய்ச் சிரட்டைக்கு மரக் காம்பு வைத்து ஓர் அகப்பை செய்தார். காம்பின் முனையில் ஒரு சின்ன வெற்றிலை செதுக்கியிருந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நான் அதை நாய்ச் சோறு கிண்ட எடுத்துக்கொண்டேன். அவர் கண்ணில் படுகிற இடத்தில்தான் வைத்துக் கிண்டினேன்.

இப்படியெல்லாம் ஏன் செய்தாய் என்று கேட்டால், வேலை வேலை என்று நான் ஓடிய வருடங்களில் இந்த மனுஷன் எனக்கு ஒரு நல்ல பாராங் வாங்கித் தர நினைத்ததே இல்லை, அதனால்தான் என்று சொல்வேன். சொன்னால் நியாயமாகவும் இருக்கும். ஆனால் அந்தக் காரணம் எனக்குப் பிறகுதான் கிடைத்தது. செய்கிற போது ருசியாக இருந்தது, செய்தேன்.

ஆயுத பூசைக்குப் பத்து நாள் இருக்கும். அன்று அவர் சர்க்கரைக்கு இரத்தம் பார்க்கச் சுங்கைப்பட்டாணி கிளினிக்குக்குப் போயிருந்தார். போனால் திரும்பி வர மத்தியானம் ஆகும். எனக்குக் கடை விடுமுறை. பூசைக்குள் கடைக்குப் புதுத் துடைப்பம் கட்ட வேண்டும், தார்ப்பாய்க்கு மூங்கில் மாற்ற வேண்டும். தென்னை மட்டை மூன்று கிடந்தது. ஓலையைக் கிழித்து ஈர்க்கு எடுக்க உட்கார்ந்தேன். பத்து ஓலை சீவுவதற்குள் பாராங்கின் பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. டியூப் வார் அறுந்திருந்தது.

அலமாரியில் அவர் கத்தி இருந்தது. ஒரு ஓலைக்கு மட்டும் என்றுதான் எடுத்தேன்.

கத்தியை ஈர்க்கின் மேல் வைத்து இழுத்தேன். ஓலை தானாக விலகிப் போனது. அழுத்தவே இல்லை. இன்னொன்று இழுத்தேன். பிறகு எண்ணவில்லை. மூன்று மட்டையும் முடிந்தது. மட்டைக்கு நூறு, நூற்றைம்பது ஈர்க்கு இருக்கும். என் பாராங்காக இருந்தால் அதற்குள் மூன்று தடவையாவது கல்லுக்குப் போயிருக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தில் கூரை வைத்துப் பார்த்தேன். வழுக்காமல் கடித்தது, கூர் மழுங்கவில்லை. சரி, மூங்கிலில் தெரிந்துவிடும் என்று மூங்கிலுக்குப் போனேன். நான்கு கழியையும் கணு தட்டி, முனை சீவி, கயிறு மாட்டப் பள்ளம் வெட்டினேன். கத்தியை மூங்கில் வாயில் வைத்து, முதுகில் கட்டையால் தட்டிப் பிளந்தேன். அந்தத் தடித்த முதுகு எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. என் பாராங்கை அப்படித் தட்டினால் வளைந்துவிடும். திரும்ப நகத்தில் வைத்துப் பார்த்தேன். இன்னும் கடித்தது.

எழுந்து நின்ற போதுதான் மணிக்கட்டு வலிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். மூன்று மணி நேர வேலை. அவர் உள்ளங்கைக்கு அளவெடுத்த பிடி என் கைக்குள்ளும் பேசாமல் அடங்கி இருந்தது. பதினான்கு வருடமாக வேலைக்கு உரிய வலி என்று நான் எண்ணியிருந்ததில் பாதி வலி அந்த இருபத்திரண்டு வெள்ளிக்கு உரியது என்று தெரிந்தது.

நல்ல கத்தி என்று சொல்லியிருக்கலாம். அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் சொல்லியிருக்கலாம். செலவு ஒன்றும் இல்லை. எனக்கு வந்தது கோபம். ஊரைக் கூட்டி வைத்து நான் கேலி பண்ணிய கத்தி நல்ல கத்தியாக இருப்பதற்கு அதற்கு எவ்வளவு திமிர் என்று வந்த கோபம். அதைக் கழுவி, துடைத்து, அவர் தடவுகிற மாதிரியே எண்ணெய் தடவி, உறை வாரை அவர் மாட்டுகிற அதே துளையில் மாட்டி, இருந்த இடத்தில் வைத்தேன். திரும்பி வந்தவர் ஈர்க்கையும் மூங்கிலையும் பார்த்துவிட்டு, "எல்லாம் முடிச்சிட்டியா?" என்று கேட்டார். "என் பாராங்கு என்ன ஷோவுக்கா இருக்கு?" என்றேன்.

பூசை அன்று காலை கடையிலேயே படையல். மோட்டார் சைக்கிள், தராசு, ஐஸ் பெட்டி, தீட்டுக்கல், புதிதாக டியூப் சுற்றிய என் பாராங், எல்லாம் கழுவி வைத்தாகிவிட்டது. வடைக்கடை அக்காவும் அவருடைய கரண்டி, வாணலியைக் கொண்டுவந்து எங்களோடு வைத்தார்.

"உங்க கத்தி எங்கங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

"ஆயுத பூசைக்கு ஆயுதம் வேணாமா? போய் எடுத்திட்டு வாங்க."

அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். மோட்டாருக்குப் பொட்டு வைத்துவிட்டோமே, எடுக்கலாமா என்றுகூட யோசிக்காமல் நடந்தே வீட்டுக்குப் போனார். கால் மணி நேரத்தில் மூச்சு வாங்க வந்தார். என் பாராங்குக்குப் பக்கத்தில் கத்தியை வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். அதை நான் ஒரு தொழில் சாமானாக ஏற்றுக்கொண்டேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

சூடம் காட்டியாகிவிட்டது. பழம் வெட்ட வேண்டும். எலுமிச்சையை நசுக்காமல் ஒரே வெட்டில் இரண்டாக்கி, குங்குமம் தடவி வைப்பது வழக்கம். வருடா வருடம் என் பாராங்கில்தான் வெட்டுவோம்.

"இந்த வருஷம் புதுக் கத்தில வெட்டுங்க" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதுக்குப் புளிப்பு ஆகாது. துரு பிடிச்சிரும். ஒன் பாராங்குல வெட்டிரவா?"

நான் தாழ்த்தவில்லை. "சாமி காரியத்துல துருவாம்! கேளுங்கக்கா இத."

"ஒரு பழம்தானே தம்பி, வெட்டு" என்றார் அக்கா. பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

வெட்டினார். சத்தமே இல்லை. பழம் இரண்டாக விழுந்தது, சாறு தெறிக்கவில்லை. உடனே துடைக்கத் தோளில் இருந்த துண்டை எடுத்தார். நான் கத்தியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, இரண்டு பக்கமும் கூர் வரைக்கும் பூசினேன். குங்குமம் தடவிய இரண்டு மூடியையும் கத்தியின் மேலேயே கவிழ்த்து வைத்தேன். எப்போதும் மோட்டார் சக்கரத்துக்கு அடியில் வைக்கிற பழம் அது. என் பாராங்குக்குப் பிடியில் ஒரு பொட்டு வைத்ததோடு சரி, இரும்பில் விரல்கூடப் படவில்லை.

"நாளைக்குக் காலைல பூசை எடுக்கற வரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்றேன். அது நான் உண்டாக்கின சட்டம் இல்லை. ஆயுதத்துக்கு அன்று ஓய்வு, தொடமாட்டோம். எங்கள் வீடுகளில் எல்லாரும் அப்படித்தான்.

மத்தியானம் ஒரு தடவை கேட்டார். "மேலாக்கத் தொடச்சிட்டுத் திரும்ப வெச்சிரட்டா?"

"தெய்வக் குத்தம் ஆயிரும்" என்றேன்.

அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் சாமிக்குப் பயப்படுகிறவர். நான் எதைப் பிடித்தால் அவர் கட்டுப்படுவார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தார்ப்பாயை இறக்கிக் கட்டி மூடிய கடை, மழைக்காலத்து ஈரம், சாயங்காலம் பிடித்த மழை விடிகிற வரை விடவில்லை.

மறுநாள் அவரே மூடிகளை எடுத்தார். அடியில் இரண்டு வட்டம் கறுப்பாக இருந்தது. வட்டத்தைச் சுற்றிச் செந்துரு. சந்தனம் காய்ந்து பழுப்பாக ஒட்டியிருந்தது, சுரண்டினால் கீழே புள்ளி புள்ளியாக இரும்பு அரித்திருந்தது. கூரில் நகம் வைத்தால் தட்டியது. அவர் கத்தவில்லை, திட்டவில்லை. "ஐயையோ" என்று நான்தான் சொன்னேன், அக்கா கேட்கட்டும் என்று. வீட்டுக்குக் கொண்டுபோய் முதலில் பற்பசை போட்டுத் தேய்த்தார், பிறகு சாம்பல், பிறகு உப்புத்தாள். துருப் போனது. கறுப்பு வட்டம் போகவில்லை. தேய்த்த தேய்ப்பில் அவர் எழுத்து மங்கிப் பாதியாகிவிட்டது.

அடுத்த வாரம் சிகு இளநீர் குடிக்க வந்த போது, என் வீட்டுக்காரர் கத்தியை உறையோடு எடுத்து அவர் கையில் வைத்து, "அம்பில் லா, சிகு" என்றார். எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அவர் திகைத்துப்போய் வேண்டாம் என்றார், காசு தருகிறேன் என்றார். இவர் எதற்கும் தலையசைக்கவில்லை. "பசங்களுக்குச் சொல்லிக் குடுங்க" என்று மலாயில் சொல்லிவிட்டு ஐஸ் உடைக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் என் பாராங்கை அவரே எடுத்தார். நான் தடுக்கவில்லை. ஒரு மாதம் காயைச் சிதைத்தார். பிறகு ஐந்து வெட்டு, நான்கு வெட்டு என்று குறைந்து மூன்றுக்கு வந்துவிட்டார். மூன்று வேளையும் தீட்டுவார். கைப்பேசியில் படம் பார்ப்பது நின்றுபோனது. வெண்ணெய்வெட்டி என்று கூப்பிடுவதை ஆட்களே விட்டுவிட்டார்கள், கூப்பிட்டால் சிரிக்க அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்கு மணிக்கட்டுக்கு ஓய்வு, கடைக்கு ஓர் ஆள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அடுத்த வருடம் பள்ளி விடுமுறை முடிந்து சிகு வந்தார். இடுப்பில் அந்தக் கத்தி. உருவிப் பலகையில் வைத்தார். புதுக் கூர் பிடித்திருந்தார். இரண்டு வட்டமும் அப்படியே இருந்தன, பாதி எழுத்தும் இருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு தடவை பார்த்துவிட்டு, கையில் இருந்த காயைத் திருப்பிப் பிடித்து வெட்டத் தொடங்கினார்.

ஐந்து முகாமுக்குக் கொண்டுபோனாராம். நாள் முழுக்கக் கூடார முளை சீவினாலும் கூர் போகவில்லையாம். மாணவர்கள் வைத்திருக்கிற பத்து வெள்ளிக் கத்தியெல்லாம் மத்தியானத்துக்குள் மொட்டையாகிவிடுமாம். இதை ஒரு தடவைகூடத் தீட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவருவாராம். ஆர்வமாகச் சொல்லிக்கொண்டே போனவர், என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆச்சி மானா தாவு." உங்களுக்கு எங்கே தெரியப் போகிறது என்று. வேடிக்கையாகத்தான் சொன்னார். பழைய போட்டி அவருக்கு ஞாபகம் இருந்தது.

எனக்குத் தெரியாதா? எட்டு வயதில் உளி தீட்டிய எனக்கு, பள்ளிக்கூட வாத்தியார் கத்தியைப் பற்றிச் சொல்லித் தருகிறாரா? வாய் முந்திக்கொண்டது. எனக்கா தெரியாது, மூன்று மட்டை ஓலை இந்தக் கத்தியில்தான் சீவினேன், இதோ மேலே நிற்கிற மூங்கில் நான்கும் இதில்தான் வெட்டினேன், ஒரு தடவை தீட்டவில்லை, கை வலிக்கவில்லை, உங்களுக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும் என்று மலாயில் பொரிந்து தள்ளினேன். மூங்கிலைக் கைநீட்டி வேறு காட்டினேன்.

எனக்குப் பின்னால் வெட்டுச் சத்தம் நின்றது.

சிகு சிரித்துவிட்டு, இளநீரைக் குடித்துவிட்டு, கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அவர் மோட்டார் வளைவு தாண்டியது.

"எப்ப வெட்டுன?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"நீங்க கிளினிக்குக்குப் போன அன்னிக்கு."

"பூசைக்கு முன்னயா, பின்னயா?"

பொய் சொல்ல எனக்கு வராதா என்ன? அன்று வரவில்லை. "முன்ன" என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தித் தார்ப்பாயைத் தாங்கி நின்ற மூங்கிலைப் பார்த்தார். நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கயிறு மாட்ட வெட்டிய பள்ளங்கள் சுத்தமாக இருந்தன. பாராங்கால் அப்படி வெட்ட முடியாது. ஒரு வருடமாக அவர் அதன் கீழேதான் நின்றுகொண்டிருந்தார்.

"நல்ல கத்திங்க அது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் திரும்பச் சொன்னேன். "ரொம்ப நல்ல கத்தி."

அவர் என் பாராங்கின் கூரைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார். அது வழுக்கியது.

"இது மொட்டையா இருக்கு" என்றார். "கல்ல எடு."

எடுத்துக் கொடுத்தேன்.